கள்ளிக்கொட்டகைத் துண்டு

முள் இருந்தால் அது கேக்டஸ். செடி வாங்க வருகிறவர்களின் பிறவி ஞானம் இது. திருத்தி யாருக்கு என்ன லாபம் என்று நர்சரி முதலாளியும் "கேக்டஸ் இந்தப் பக்கம்" என்று ஒரு பலகையை எழுதி அம்புக்குறி போட்டு மாட்டிவிட்டார். அம்பு காட்டிய கொட்டகையில் மருந்துக்குக்கூட ஒரு கேக்டஸ் கிடையாது. இருந்ததெல்லாம் கள்ளி. படித்தவர்கள் யூபோர்பியா என்பார்கள். இலையே இல்லாமல் பச்சைப் பென்சில்களை ஒட்டவைத்த மாதிரி நிற்பது ஒன்று. உடம்பெல்லாம் முள்ளும் உச்சியில் சின்னச் சிவப்புப் பூவுமாக நிற்பது ஒன்று. முள்ளும் இல்லாமல் இலையும் இல்லாமல் தொட்டிக்குள் பந்தாக உருண்டு கிடப்பது ஒன்று. மூன்றும் கூடப்பிறந்தவை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள். எதையாவது ஒன்றைக் கிள்ளிப் பார்த்தால்தான் சொந்தம் தெரியும். எல்லாவற்றுக்கும் ஒரே பால். கிள்ளிய இடத்தில் வெள்ளைவெளேரென்று வந்து நிற்கும்.

அந்தக் கொட்டகையில் வேலை பார்த்தவளுக்குக் கள்ளியக்கா என்று பெயர். அவளைவிடப் பல வயது மூத்த முதலாளியும் அப்படித்தான் கூப்பிட்டார். வந்த புதிதில் அவளுக்கு அது கொஞ்சம் உறைத்தது. பிறகு பழகிவிட்டது.

அவள் வேலை கள்ளிகளைப் பெருக்குவது. தாய்ச்செடியில் கொப்பை வெட்ட வேண்டும். வெட்டுவாயைத் தண்ணீரில் முக்கி, பால் நிற்கும்வரை பிடித்திருக்க வேண்டும். அப்புறம் நிழலில் பலகைமேல் பரப்பிக் காயவிட வேண்டும். வெட்டிய இடத்தில் தோல் மூடிய பிறகுதான் மண். அவசரப்பட்டுப் பச்சையாக ஊன்றினால் அடியிலிருந்து அழுகிப் போகும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் மாதத்தில் இதைச் செய்துவிட்டு மண் சரியில்லை என்று பழியை மண்மேல் போடுவார்கள்.

பால் கையில் பட்டால் அரிக்கும், போய்விடும். கண்ணில் பட்டால் கதையே வேறு. அதனால் கள்ளி வெட்டுகிறவர்கள் கையை முகத்துக்குக் கொண்டுபோவதில்லை. மூக்கு நுனியில் கொசு உட்கார்ந்து விருந்து சாப்பிட்டாலும் சரி, தோள்பட்டையால்தான் தேய்த்துக்கொள்வாள் கள்ளியக்கா. கை துடைக்கத் தூணில் ஆணியடித்து ஒரு துண்டு தொங்கும். நீலக் கோடு போட்ட பழைய துண்டு. அது கொட்டகை வாசலைத் தாண்டக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். துவைப்பதும் அங்கேயே, அதற்கென்று வைத்த தனி வாளியில். வீட்டுக்கு வந்தால் முதலில் குளியலறை, சோப்புப் போட்டு இரண்டு முறை கை, அதற்குப் பிறகுதான் பிள்ளை. மகள் தவழ்கிற வயதிலிருந்தே அப்படித்தான். அம்மா கதவைத் திறந்தால் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்பதை அவள் பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே கற்றுக்கொண்டாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் மதியம் ஏதோ ஒரு கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவன் அப்படியே போய்விட்டான். செய்தி வந்தபோது கள்ளியக்காவின் கையில் கத்தி இருந்தது. முதலாளி வந்து சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். வெட்டிப் போட்ட கொப்புகள் சொட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் முக்கினாள். பலகையில் பரப்பினாள். கை கழுவினாள், இரண்டு முறை. இந்தக் கையோடு அவரை எப்படித் தொடுவது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது பெரிய தப்பு. புருஷன் செத்த சேதி கேட்டும் மீதி வேலையை முடித்துக் கை கழுவிவிட்டு வந்தவள் என்று அது ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது.

அவள் அழவும் இல்லை. அன்றைக்கு அழவில்லை, மறுநாள் அழவில்லை, மாதங்கள் போன பிறகும் அழவில்லை. பிடிவாதம் ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்கும்? தொட்டால் கன்னம் இருக்கிறது, ஆனால் அது நம்முடையதாக இல்லை. அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. பசிக்கிற நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டாள். தூங்குகிற நேரம் என்று விளக்கை அணைத்தாள். நாலு பேர் வந்து துக்கம் கேட்டபோது, வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

கணவனின் தங்கை நேர் எதிர். தையல்கடை வைத்திருப்பவள். அழுகையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை, சிரிப்பிலும்தான். அண்ணனுக்காக அவள் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே தொண்டை கட்டியது. நடுநடுவே நிமிர்ந்து அண்ணியின் முகத்தைப் பார்ப்பாள். அது துடைத்துவைத்த தட்டு மாதிரி இருக்கும். உடனே இன்னொரு மடங்கு அழுவாள்.

மகளுக்குப் பதினைந்து வயது. அந்த வயதுக்கு அழுவதற்கு ஒரு மடி வேண்டியிருந்தது. அது அத்தையிடம் கிடைத்தது. வாரக்கடைசிகளில் அத்தை வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். பிறகு திங்கட்கிழமையும் அங்கிருந்தே பள்ளிக்கூடம் போனாள். பிறகு ஒரு நாள் அத்தை போன் செய்தாள்.

"அண்ணி, பாப்பா இங்கேயே இருக்கட்டுமே. மாடி ரூம் சும்மாதான கெடக்கு. பக்கத்துலயே ஸ்கூல் இருக்கு, பேசிட்டேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"அவ என்ன சொல்றா?"

"வரேங்கிறா."

"சரி."

அந்தச் சரியைக் கேட்டால் நமக்கே கோபம் வரும். பெற்ற பிள்ளையைக் கொடுக்கக் கேட்கிறார்கள், பழைய பேப்பர் எடுக்க வந்தவனுக்குச் சொல்வது போலவா சொல்வது? ஆனால் கள்ளியக்கா தன் அளவில் யோசித்துத்தான் சொன்னாள். போகாதே என்று சொல்ல உள்ளே ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? தேடிப் பார்த்தாள், ஒன்றும் தட்டுப்படவில்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்லிப் பிள்ளையை நிறுத்தி வைப்பது ஏமாற்று வேலை. அங்கே சிரிப்பு உண்டு, சண்டை உண்டு, அழுகை உண்டு. இங்கே என்ன இருக்கிறது? ஒரு மரக்கட்டையும் ஒரு கடிகாரமும். பிள்ளையாவது மனிதர்களோடு இருக்கட்டும் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. சனிக்கிழமையும் கள்ளியக்கா வேலைக்குப் போனாள். யாரோ பெரிய கட்டிடத்துக்கு வேலியாக வைக்கத் திருகுகள்ளி கேட்டிருந்தார்கள். நாள் முழுக்க அதையே வெட்டினாள். திருகுகள்ளிக்குத்தான் பால் அதிகம், விட்டால் நிற்காது. பொழுது சாயும் முன் கொட்டகையைப் பூட்டினாள். பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இறங்கினாள், மாடி ஏறினாள், கதவைத் திறந்தாள்.

கூடத்தில் இரண்டு பெட்டிகள் வாயை மூடி நின்றன. மூன்றாவதை மகள் மூட முடியாமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

கள்ளியக்கா நேராகக் குளியலறைக்குப் போய் இரண்டு முறை கை கழுவினாள். வந்து சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்தாள். தோளில் ஏதோ கிடந்தது. எடுத்துப் பக்கத்து நாற்காலியின் முதுகில் போட்டாள்.

"அத்தை காலையிலயே வந்துடுவாங்களாம்" என்றாள் மகள்.

"சரி."

"டாக்ஸில வர்றாங்களாம். பெட்டியெல்லாம் இருக்குல்ல."

"ஸ்வெட்டர் எடுத்து வச்சியா?"

மகள் பெட்டியை விட்டு எழுந்தாள். பெட்டி மறுபடி வாயைப் பிளந்தது.

"அம்மா, நான் லீவுக்குப் போகல. மொத்தமா போறேன்."

"தெரியும்."

"தெரியும்னா ஏதாவது சொல்லேன். போகாதன்னு சொல்ல வேணாம். போன்னாவது சொல்லு, போய்த் தொலைன்னாவது சொல்லு. அப்பா போனப்பவும் இப்படித்தான் உக்காந்திருந்த. இந்த நாற்காலிதான். நான் போறப்பவும் இதே மாதிரி உக்காந்திருப்பியா?"

கள்ளியக்கா மகளைப் பார்த்தாள். நல்ல பதில் ஒன்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. எது நல்ல பதில் என்று தெரியவில்லை.

"அங்க உனக்கு நல்லாயிருக்கும்" என்றாள்.

அம்மா முன்னால் அழுவதில்லை என்று அந்தப் பெண் இத்தனை நாளும் வீம்பாக இருந்தாள். அந்த வீம்பு இந்த ஒரு வாக்கியத்தில் உடைந்தது. வாய் கோணி, மூக்கு ஒழுகி, சின்னப் பிள்ளையாகத் தேம்பித் தேம்பி அழுதாள். அழுதுகொண்டே கைக்குக் கிடைத்ததை நாற்காலி முதுகிலிருந்து இழுத்து முகத்தை அதில் புதைத்து அழுத்தித் துடைத்தாள். கண்ணைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

அப்போதுதான் கள்ளியக்கா அதைப் பார்த்தாள். நீலக் கோடு போட்ட துண்டு.

எத்தனை வருஷமாகக் கொட்டகைத் தூணை விட்டு நகராத துண்டு அது. தோளில் போட்டுக்கொண்டு பூட்டைப் பூட்டியிருக்கிறாள், பேருந்தில் உட்கார்ந்திருக்கிறாள், மாடி ஏறியிருக்கிறாள். அங்கங்கே பால் காய்ந்து கஞ்சி போட்டது போல விறைத்திருந்தது. நடுவில் இன்னும் ஈரம்.

"அம்மா, எரியுது" என்றாள் மகள். பிறகு அலறினாள்.

கள்ளியக்கா எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மகளின் பிடரியைப் பிடித்துக் குளியலறைக்கு இழுத்துப்போனாள். குழாயின் கீழே தலையைச் சாய்த்து, இமைகளை விரலால் விலக்கிப் பிடித்துத் தண்ணீரை விட்டாள். அவள் திமிறினாள், காலால் உதைத்தாள், அம்மாவின் கையைக் கடித்தாள்.

"கண்ணைத் திற. மூடாத. திற. இன்னும் திற."

வேறு ஒரு வார்த்தையும் அவள் வாயில் வரவில்லை. கண்ணே மணியே என்று கொஞ்சவில்லை, ஐயோ என்று கத்தவில்லை. தண்ணீர் தரையெல்லாம் ஓடிக் கூடத்துக்குள் போய்ப் பெட்டிகளின் அடியை நனைத்தது. மகளுக்குக் கத்தத் தெம்பில்லாமல் போனது. அதற்குப் பிறகும் விடவில்லை.

கண் மருத்துவமனையில் இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரி, ஆனால் நிதானமானவள். எந்தக் கள்ளி என்று கேட்டாள். திருகுகள்ளி என்றதும் முகம் கொஞ்சம் மாறியது. மறுபடியும் கழுவினாள், மஞ்சள் மருந்து விட்டு விளக்கை வைத்துப் பார்த்தாள்.

"உடனே கழுவினது நல்லதாப் போச்சு. கருவிழி மேல இருக்கற மெல்லிசுத் தோல் உரிஞ்சிருக்கு. ரெண்டு கண்ணுலயும். நாளைக்கு இன்னும் மோசமா இருக்கும், வீங்கும். பயந்துடாதீங்க. பெரும்பாலும் பார்வை திரும்பிடும்."

"பெரும்பாலும்னா?" என்றாள் கட்டிலில் படுத்திருந்த மகள்.

டாக்டர் பொய் சொல்கிறவள் இல்லை. "பெரும்பாலும்னா பெரும்பாலும்தாம்மா. ரெண்டு நாள் போகட்டும், பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

இரண்டு கண்ணுக்கும் பஞ்சு வைத்துத் தளர்வாக ஒரு கட்டு. மணிக்கொரு தரம் கட்டை விலக்கிச் சொட்டு மருந்து. திரும்பி வரும்போது டாக்ஸியில் மகள் அம்மாவின் தோளில் சாயாமல் கதவோரமாகச் சாய்ந்திருந்தாள்.

"அந்தத் துண்ட நீ வீட்டுக்கு எடுத்துட்டே வர மாட்டியே" என்றாள்.

"மாட்டேன்."

"அப்புறம் எப்படி வந்துச்சு?"

"தெரியல."

மகள் அதற்கு மேல் கேட்கவில்லை. தெரியல என்றால் அம்மாவுக்கு உண்மையாகவே தெரியவில்லை என்று அவளுக்குத் தெரியும். அது அவளுக்குக் கோபத்தைவிடப் பயத்தைத்தான் கொடுத்தது.

காலையில் அத்தை சொன்னபடி வந்தாள். எப்போதும் ஆளுக்கு முன்னால் குரல் வரும். அன்றைக்கும் படிக்கட்டிலேயே "பாப்பா, ரெடியா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினாள். கட்டிலில் கட்டுப் போட்டுக் கிடந்தவளைப் பார்த்ததும் அந்தக் குரல் நின்றது. என்ன, எப்படி என்று கேட்டாள். கள்ளியக்கா சொன்னாள். ஒளிக்காமல், குறைக்காமல், நேற்றைய பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது வரைக்கும் சொன்னாள்.

அத்தைக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது.

"பொம்பளப் புள்ளைக்கு வாயில கள்ளிப்பால் ஊத்துவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். கண்ணுல ஊத்தின மகராசிய இப்பதான் பார்க்கிறேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் கையே அவள் வாயைப் பொத்தியது. அண்ணி பாய்ந்து வந்து தலைமுடியைப் பிடித்தாலும் தகும் என்றுதான் அத்தைக்குத் தோன்றியது. பிடித்திருந்தால் நிம்மதியாகவும் இருந்திருக்கும்.

"என் தப்புதான்" என்றாள் கள்ளியக்கா. மேசைமேல் இருந்த மருந்துப் பையை எடுத்து நீட்டினாள். "மணிக்கொரு தடவை போடணும். கட்டை விலக்கினா வெளிச்சம் தாங்க மாட்டா, முதல்ல ஜன்னலைச் சாத்திடு. கண்ணைத் திறக்க விட மாட்டா. திட்டுவா. விட்டுடாத, திறந்து போட்டுடு. நாளன்னைக்கு டாக்டர்கிட்ட காட்டணும்."

நீட்டிய பை காற்றில் நின்றது. அத்தை வாங்கவில்லை.

"அத்தை" என்றாள் கட்டிலில் இருந்தவள்.

"என்னடா கண்ணு?" என்று சொல்லிவிட்டு அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அம்மா அழறாளா?"

அத்தை அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை மாதமும் இந்த முகத்தில் அவள் தேடியது ஒரு சொட்டுத்தான். அது இன்றைக்கும் இல்லை. ஆனால் இன்றைக்கு மற்றதும் கண்ணில் பட்டது. நேற்று நனைந்து உடம்பிலேயே காய்ந்த உடுப்பு. கையில் பல் பதிந்து கன்றிப்போன இடம். வீட்டுக்குள்ளேயே ஒரு காலில் மட்டும் செருப்பு. நேற்று டாக்ஸிக்கு ஓடும்போது ஒன்றைத்தான் மாட்டியிருக்கிறாள், இன்னும் அதைக் கழற்றவில்லை. அது காலில் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"ஆமாடா" என்றாள் அத்தை. "அழறா. தாரைதாரையா ஊத்துது."

வாழ்க்கையில் அண்ணிக்காக அவள் சொன்ன முதல் பொய் அது. கட்டிலில் மகளின் முகவாய் நடுங்க ஆரம்பித்தது. அம்மா பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் அங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும்.

"இல்ல" என்றாள் கள்ளியக்கா.

"அண்ணி!" அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "சும்மா இருங்களேன்."

"இல்ல பாப்பா, நான் அழல. அத்தை உனக்காகச் சொல்றா."

கட்டில் விளிம்பில் போய் உட்கார்ந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"எனக்கு அழுகை வரல. அப்பாவுக்கும் வரல, நேத்து உனக்கும் வரல. உள்ள எங்கயாவது இருக்கான்னு தேடித்தேடிப் பார்க்கிறேன். ஒண்ணுமே இல்ல. வருமான்னு தெரியல. வராமலே போனாலும் போயிடும். இப்படி ஒருத்திகூட இருக்கறது உனக்குக் கஷ்டம்தான். அத்தை வீட்ல நல்லாயிருக்கும்னு சொன்னேன்ல, அதுவும் பொய் இல்ல."

மூச்சு வாங்கினாள். அத்தை கதவில் சாய்ந்துகொண்டு அசையாமல் நின்றாள். அவள் கண்ணில் வழக்கம்போல மடை திறந்துவிட்டது, சத்தம் மட்டும் இல்லை.

"ஆனா நீ போகாத" என்றாள் கள்ளியக்கா. "ஏன்னு கேக்காத, எனக்குச் சொல்லத் தெரியாது. போகாத."

கீழே தெருவில் டாக்ஸிக்காரன் பொறுமை இழந்து ஹாரன் அடித்தான். போர்வைமேல் ஒரு கை தடவிக்கொண்டே வந்து, அம்மாவின் மணிக்கட்டைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டது.

"இத நேத்தே சொல்லித் தொலைச்சிருந்தா" என்றாள் மகள், "என் கண்ணு தப்பிச்சிருக்கும்."

"ஆமா" என்றாள் அம்மா.